அடையாள அட்டைக்கு ஒரே கிளிக்கை ஆயிரம் முறை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகள் திறந்ததும் ஸ்டுடியோக்களிலும் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) மையங்களிலும் அடையாள அட்டை வேலை குவிகிறது. ஒரு பள்ளியில் 1,200 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தைத் திறக்க வேண்டும், வெட்ட வேண்டும், வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும், அளவைச் சுருக்க வேண்டும், அட்டையில் வைக்க வேண்டும், பெயர் அடிக்க வேண்டும், சேமிக்க வேண்டும், மூட வேண்டும். ஆளுக்கு 8 வேலை என்றால் மொத்தம் 9,600. இதற்காக இரவெல்லாம் இரண்டு பையன்களை உட்கார வைப்பதும், மாதச் சந்தா கட்டி ஏதாவது 'ஏஐ' செயலி வாங்குவதும் இப்போது வழக்கமாகிவிட்டன. இந்த வேலையில் பெரும்பகுதியைத் தானாகச் செய்யும் வசதி கடையில் ஏற்கெனவே இருக்கும் படத்திருத்த மென்பொருளான ஃபோட்டோஷாப்பிலேயே இருக்கிறது. 'ஆக்‌ஷன்' என்ற பெயரில் 1996-ல் 4.0 பதிப்போடு வந்தது அது. பலர் ஒருமுறை முயன்று, படங்கள் பாழாகி, "இது நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிட்டார்கள். படங்கள் ஏன் பாழாகின்றன என்பதையும், கடைக்காரர் கையில் இல்லாமல் பள்ளிகளின் கையில் இருக்கும் ஒரு விஷயத்தையும் உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

ஆக்‌ஷன் என்பது நாம் செய்வதை வரிசையாகப் பதிந்துவைத்துக்கொண்டு, கேட்கும்போது அப்படியே திரும்பச் செய்வது. விண்டோஸில் ஆல்ட்டையும் எஃப்9-ஐயும் சேர்த்து அழுத்தினால் அதன் பேனல் வரும். முதலில் ஒரு செட் (தொகுப்பு) உருவாக்க வேண்டும், அதற்குள் ஓர் ஆக்‌ஷன். பெயர் வைக்கும்போதே ஒரு ஃபங்ஷன் கீயும் கொடுக்கலாம். எஃப்1 மட்டும் கிடைக்காது. கன்ட்ரோலோடு சேர்த்து எஃப்4, எஃப்6 இரண்டும் கிடைக்காது. எஃப்7-ஐக் கொடுத்தால் லேயர் (படத்தின் அடுக்கு) பேனலைத் திறந்து மூடும் பழைய பயன் போய்விடும். எனவே ஷிஃப்ட்டோடு சேர்ந்த கீகளைக் கொடுப்பது உத்தமம். வட்ட பட்டன் சிவப்பானதும் வேலையைச் செய்யுங்கள். முடிந்ததும் சதுர பட்டனை அழுத்துங்கள். பதியும்போது அவசரம் வேண்டாம். நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள் என்பது பதிவாவதில்லை, செய்த வேலை மட்டுமே பதிவாகிறது.

கோளாறு பெரும்பாலும் இந்தப் பதிவில்தான் பிறக்கிறது. அதிகம் பேரை அழவைத்தது 'சேவ் ஆஸ்'. பதியும்போது அந்தப் பெட்டியில் ஃபைலுக்கு ஒரு பெயரைத் தட்டச்சு செய்துவிட்டால் அந்தப் பெயரும் சேர்ந்து பதிவாகிவிடும். பிறகு 1,200 படங்களை ஓட்டினால் ஒவ்வொன்றும் அதே பெயரில் முந்தையதன் மேல் எழுதப்பட்டு, கடைசியில் ஃபோல்டரில் மிஞ்சுவது ஒரே ஒரு மாணவரின் படம். இதற்கு வழி, பெயர்க் கட்டத்தைத் தொடாமல் ஃபோல்டரை மட்டும் மாற்றிச் சேமிப்பது. அப்போது அந்தந்தப் படத்தின் சொந்தப் பெயரே நிற்கும். அசல் படங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே சேமிப்பது கூடவே கூடாது.

அடுத்தது அளவு. 'இமேஜ் சைஸ்' பெட்டியில் அகலம் 1600 என்று பதிந்தால் படுக்கை வாட்டில் எடுத்த படத்துக்கு அது பொருந்தும். நிமிர்ந்த படம் வரும்போதும் அகலம் 1600 ஆகும். உயரம் அதற்கு மேல் 2,400 வரை போகும். ஒரே ஃபோல்டரில் இரண்டு வகையும் கலந்திருந்தால் பாதிப் படங்கள் பெரிதாக நிற்பதற்கு இதுவே காரணம். ஃபைல் மெனுவில் ஆட்டோமேட், அதற்குள் 'ஃபிட் இமேஜ்' என்று ஒன்று இருக்கிறது. அதில் 1600-க்கு 1600 என்று கொடுத்தால் நீண்ட பக்கம் எதுவோ அது 1600-க்குள் அடங்கும், படம் எந்த வாட்டில் இருந்தாலும் சரி. சிறிய படத்தை ஊதிப் பெரிதாக்காமல் இருக்கவும் அதிலேயே ஒரு டிக் உண்டு.

நகர்த்துவதும் தேர்வு செய்வதும் ரூலரில் (திரை ஓர அளவுகோலில்) எந்த அலகு இருக்கிறதோ அதில்தான் பதிவாகின்றன. பிக்சலில் பதிந்த இடம் 12 மெகாபிக்சல் படத்தில் மூலையாக இருக்கும், 24 மெகாபிக்சல் படத்தில் நடுவுக்கு நகர்ந்துவிடும். பலதரப்பட்ட கேமராப் படங்கள் வரும் கடையில் பதியத் தொடங்கும் முன்பே ரூலர் அலகைச் சதவீதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கடை லோகோவைப் படத்தின் வலது கீழ் மூலையில் வைக்க மவுஸால் இழுக்கக் கூடாது. கன்ட்ரோல்-ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, லேயரை அந்தத் தேர்வின் வலது ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 'அலைன்' செய்தால் எந்த அளவுப் படத்திலும் மூலையில்தான் போய் நிற்கும். லோகோ ஃபைல் இருக்கும் இடமும் பதிவாகிறது என்பதை மறக்க வேண்டாம். அதை வேறு டிரைவுக்கு மாற்றினால் ஆக்‌ஷன் அங்கேயே நின்றுவிடும்.

லேயர் பெயர் இன்னொரு வில்லங்கம். ஒரு லேயரை மவுஸால் தொட்டால் அதன் பெயர் பதிவாகிறது. 'பேக்ரவுண்ட்' என்ற லேயரைத் தேடும் ஆக்‌ஷனுக்கு, அந்தப் பெயரில் லேயரே இல்லாத பி.என்.ஜி. படம் வந்தால், கட்டளை இப்போது கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி வரும், வேலை நிற்கும். மவுஸுக்குப் பதில் ஆல்ட்டோடு சதுர அடைப்புக்குறி கீயை அழுத்தி மேல் லேயர், கீழ் லேயர் என்று நகர்ந்தால் பெயரைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளை ஸ்கேன், சி.எம்.ஒய்.கே. (அச்சு மை நிற முறை) படம் எல்லாம் கலந்து வருமென்றால் முதல் படியாக ஆட்டோமேட்டில் உள்ள 'கண்டிஷனல் மோட் சேஞ்ச்' வைத்து எல்லாவற்றையும் ஆர்.ஜி.பி. (திரை நிற முறை) ஆக்கிவிடலாம். சந்தா முறையில் வரும் சி.சி. பதிப்புகளில் 'இன்செர்ட் கண்டிஷனல்' வசதியும் இருக்கிறது: படம் நிமிர்ந்ததா, படுத்ததா என்று பார்த்து, அதற்கேற்ற ஆக்‌ஷனை அதுவே ஓட்டும்.

எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விடவும் கூடாது. பாஸ்போர்ட் அளவுப் படத்தில் முகம் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும். அதற்கென்றே ஆக்‌ஷனின் ஒவ்வொரு படிக்கும் இடதுபுறம் ஒரு சிறு பெட்டிக் குறி இருக்கிறது. 'கிராப்' படிக்கு நேரே அதை அழுத்திவிட்டால், ஆக்‌ஷன் அந்தப் படியில் வெட்டும் சட்டத்தைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். முகத்துக்கு ஏற்றபடி சட்டத்தை நகர்த்தி என்டர் தட்டினால் மீதி வேலை தானாக ஓடும். ஒரு படத்துக்கு ஒரு பார்வை, ஒரு என்டர். எங்கள் அனுபவத்தில் ஆக்‌ஷனில் மிகப் பயனுள்ளதும் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இந்தக் குறிதான்.

35-க்கு 45 மில்லிமீட்டர் படம் 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413-க்கு 531 பிக்சல். 4-க்கு 6 அங்குலத் தாள் 1800-க்கு 1200. குறுக்கே நான்கு, நெடுக்கே இரண்டு என்று 8 படங்கள் அடங்கும். குறுக்கே இடைவெளி 29 பிக்சல், நெடுக்கே 46. இதை ஆக்‌ஷனாக்கும்போது ஒட்டிய படம் எங்கே விழும் என்பது திரையில் எந்தப் பகுதி தெரிகிறது என்பதைப் பொறுத்து மாறும். அதனால்தான் சிலருக்கு முதல் தாள் சரியாகவும் அடுத்த தாள் கோணலாகவும் வருகிறது. ஒட்டியவுடன் முழுவதையும் தேர்ந்தெடுத்து இடது ஓரம், மேல் ஓரம் அலைன் செய்து, பிறகு 29-க்கு 46 நகர்த்த வேண்டும். அடுத்தடுத்த படிகள் அந்த முதல் படத்தைப் படியெடுத்து 442 பிக்சல் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். கீழ் வரிசைக்கு 577.

ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் ஓட்ட 'பேட்ச்' என்ற கட்டளை. அதில் இருக்கும் டிக்குகளைப் புரியாமல் போடுவது அடுத்த பெரிய தவறு. 'ஓவர்ரைடு ஆக்‌ஷன் ஓப்பன்' என்ற டிக், ஆக்‌ஷனுக்குள் 'ஓப்பன்' படி இருந்தால் மட்டுமே போட வேண்டியது; இல்லாதபோது போட்டால் படங்களே திறக்கப்படாது. படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதியத் தொடங்கி, அந்த டிக்கைத் தொடாமல் விடுவதே எளிது. 'ஓவர்ரைடு சேவ் ஆஸ்' இதற்கு நேர்மாறு. ஆக்‌ஷனுக்குள் 'சேவ் ஆஸ்' படி இருக்க வேண்டும், டிக்கும் போட வேண்டும். அப்போது தரம் 10 என்று நாம் பதிந்த ஜேபெக் அமைப்பை அது எடுத்துக்கொள்ளும், பெயரையும் ஃபோல்டரையும் பேட்ச் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். படி இல்லாமல் டிக் மட்டும் போட்டால் ஓட்டம் முடிந்திருக்கும், சேமித்த படம் ஒன்றுகூட இருக்காது. லேயர் சேர்த்த படத்தைச் சேமிக்கும் முன் 'ஃபிளாட்டன்' செய்யாவிட்டால் (லேயர்களை ஒன்றாக்காவிட்டால்) சேமிக்கும்போது பெட்டி வந்து வேலை நிற்கலாம். பிழைகளுக்கு 'லாக் எரர்ஸ் டு ஃபைல்' தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரு படம் மக்கர் செய்ததற்காக மற்றவை நிற்காது; எவை தவறின என்பது காலையில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும்.

இத்தனை டிக்குகள் வேண்டாம் என்பவர்களுக்கு 2005-ல் சி.எஸ்.2-வோடு வந்த 'இமேஜ் பிராசசர்' போதும். ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ் கீழ் இருக்கிறது. ஃபோல்டர், அளவு, தரம், ஓட்ட வேண்டிய ஆக்‌ஷன், எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான நிற அளவைக்கு மாற்றும் டிக், அவ்வளவுதான். அந்தக் கடைசி டிக்கை விட வேண்டாம். கேமராவில் அடோபி ஆர்.ஜி.பி. வைத்து எடுத்த படத்தை அப்படியே லேபுக்கு அனுப்பினால், அங்குள்ள மெஷின் படத்தோடு வரும் நிறக் குறிப்பை (புரொஃபைல்) பார்க்காதபோது முகம் வெளிறி வரும். வாடிக்கையாளர் திட்டுவது ஸ்டுடியோவைத்தான்.

இனி அட்டைக்கு வருவோம். வெட்டுவதும் சுருக்குவதும் ஆக்‌ஷனால் முடிந்தாலும் அட்டையில் பெயர், வகுப்பு, முகவரி மாறிக்கொண்டே இருக்குமே என்பார்கள். அதற்கு ஃபோட்டோஷாப்பிலேயே 'வேரியபிள்ஸ்' இருக்கிறது, இமேஜ் மெனுவின் கீழ்ப்பகுதியில். ஃபோட்டோஷாப் 7.0 பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த மெனு இருக்காது. பி.வி.சி. அட்டையின் அளவு 85.6-க்கு 54 மில்லிமீட்டர், 300 டி.பி.ஐ.யில் 1011-க்கு 638 பிக்சல். அந்த அளவில் ஒரு மாதிரி அட்டை செய்து, பெயருக்கு ஒரு டெக்ஸ்ட் லேயர், வகுப்புக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று, படத்துக்கு ஒரு லேயர் என்று வையுங்கள். படச் சட்டத்தை 21-க்கு 27 மில்லிமீட்டர், அதாவது 248-க்கு 319 பிக்சல் வைத்தால் 35-க்கு 45 விகிதத்தில் வெட்டிய படம் ஓரம் போகாமல் அப்படியே உட்காரும்.

'வேரியபிள்ஸ் டிஃபைன்' பெட்டியில் டெக்ஸ்ட் லேயர்களுக்கு 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்', பட லேயருக்கு 'பிக்சல் ரீப்ளேஸ்மென்ட்' தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுக்க வேண்டும். பிக்சலுக்கு 'ஃபில்' என்று வையுங்கள். 'கன்ஃபார்ம்' வைத்தால் படம் சட்டத்துக்கு ஏற்ப இழுபட்டு முகம் சப்பையாகும். வேரியபிள் பெயரில் இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கவும் கூடாது. பிறகு எக்செல் பட்டியலை சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) ஆக்கி 'இம்போர்ட்' செய்ய வேண்டும். முதல் வரிசையில் வேரியபிள் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். படத்துக்கான பத்தியில் அந்தந்த மாணவரின் படம் இருக்கும் இடமும் ஃபைல் பெயரும். அட்மிஷன் எண்ணை முதல் பத்தியாக்கி, அதையே டேட்டா செட் (ஒரு மாணவருக்கான தகவல் தொகுப்பு) பெயராகக் கொள்ளும்படி டிக் போட்டால் வெளிவரும் ஃபைல்களும் அதே எண்ணில் வரும். முன்னோட்டத்தில் அம்புக்குறியைத் தட்டி ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துவிட்டு, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதற்குள் 'டேட்டா செட்ஸ் ஆஸ் ஃபைல்ஸ்' கொடுத்தால் 1,200 பி.எஸ்.டி. (ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவ) ஃபைல்கள் வந்து விழும். டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றை ஜேபெக் ஆக்க மேலே சொன்ன இமேஜ் பிராசசர்.

அட்டைக்கான ஏ4 ஃப்யூசிங் ஷீட்டில் (சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) இரண்டு பத்தி, ஐந்து வரிசை என 10 அட்டைகள் அடங்கும். அதற்கு, பல படங்களை ஒரே தாளில் அடுக்கும் 'கான்டாக்ட் ஷீட்' பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது இடைவெளிக்காகப் படத்தைச் சிறிது சுருக்கிவிடும். அட்டை கட்டருக்குப் பொருந்தாமல் ஓரத்தில் வெள்ளைக் கோடு வருவது இதனால்தான்.

வேலை கெடும் முக்கியமான இடம் எக்செல். '007' என்ற எண் 7 ஆகிவிடும். கதவு எண் 12/3 என்று அடித்தால் அது தேதியாக மாறி அட்டையில் மாதப் பெயரோடு அச்சாகும். 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண், நடுவில் 'இ' போட்ட அறிவியல் வடிவத்துக்கு மாறி, சி.எஸ்.வி.யிலும் அப்படியே போய்ச் சேரும். 15 இலக்கத்தைத் தாண்டிய எண்ணில் மிச்ச இலக்கங்கள் பூஜ்ஜியமாகிவிடும், திரும்பக் கிடைக்காது. எனவே தரவு அடிக்கத் தொடங்கும் முன்பே எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' வடிவத்தில் வைக்க வேண்டும். அடித்த பிறகு மாற்றிப் பயனில்லை. முகவரிக் கட்டத்துக்குள் ஆல்ட்-என்டர் போட்டு வரி பிரிக்க வேண்டாம், அது வரிசையை உடைக்கும். அட்டையில் முகவரியைப் பெட்டி டெக்ஸ்டாக வைத்தால் தானாக மடியும். ஆனால் பெட்டிக்குள் அடங்காத கடைசி வரி சத்தமில்லாமல் மறைந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே பட்டியலில் மிக நீளமான முகவரியையும் மிக நீளமான பெயரையும் தேடி எடுத்து, மாதிரி அட்டையை அவற்றைக் கொண்டே வடிவமைக்க வேண்டும்.

தமிழில் பெயர் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு சிக்கல். எக்செல்லில் சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபோட்டோஷாப்பில் இம்போர்ட் செய்யும்போதும் அதே என்கோடிங்கைக் காட்ட வேண்டும். இரண்டாவது, எழுத்து உடைவது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கெ' என்பது க-வும் அதற்குப் பின் எகரக் கொம்புமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யும் டெக்ஸ்ட் எஞ்சின் இயங்கவில்லை என்றால் 'செல்வி' என்ற பெயரில் கொம்பு ச-வுக்குப் பின்னால் தொங்கும். அந்தத் தேர்வு உள்ள பதிப்புகளில், பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுக்க வேண்டும். சற்றுப் பழைய பதிப்புகளில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கும். மாற்றிய பின் புதிதாக உருவாக்கும் ஃபைலில்தான் அது சரியாக எடுபடும். பழைய மாதிரி அட்டையையே திறந்து வைத்துக்கொண்டு "மாற்றியும் வரவில்லை" என்பவர்கள் அநேகம். அந்த டெக்ஸ்ட் லேயர்களைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசருக்கு மாற்ற வேண்டும்.

எழுத்துருவும் யூனிகோடாக இருக்க வேண்டும்: லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை. அச்சகங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத பாமினியும் வானவில்லும்தான் கோலோச்சுகின்றன. அழகில் குறையில்லை, ஆனால் பள்ளி தரும் யூனிகோடு பட்டியலை அவை படிக்காது. பாமினியே வேண்டுமென்றால் பட்டியலை முதலில் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு பாமினிக்கு மாற்றிவிட்டு இம்போர்ட் செய்யலாம். அப்போது ஆங்கில எழுத்துகள் உள்ள பத்திகளை மாற்றியில் போடாமல் தனியே வைக்க வேண்டும்.

போட்டித் தேர்வு விண்ணப்பப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வு விண்ணப்பங்கள் கேட்டுவரும் படம் 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கே.பி.; கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கே.பி. பிக்சல் அளவை ஆக்‌ஷன் துல்லியமாகக் கொடுக்கும், கே.பி.யைக் கொடுக்காது. ஒரே தரத்தில் சேமித்தாலும் பூப்போட்ட புடவைப் படம் அதிக கே.பி. பிடிக்கும், வெள்ளைச் சட்டைப் படம் குறைவாகப் பிடிக்கும். மேல் வரம்பைவிடக் கீழ் வரம்பே அதிகம் படுத்துகிறது. 140-க்கு 60 படத்தில் 8,400 பிக்சல்கள்தான். சுருக்காமலே வைத்தாலும் 25,200 பைட். வெள்ளைத் தாளில் நாலு கோடுள்ள கையெழுத்து ஜேபெக் ஆனதும் 10 கே.பி.க்குக் கீழே போய்விடுகிறது, இணையதளம் தள்ளிவிடுகிறது. இதற்கு 'சேவ் ஃபார் வெப்' பயன்படுத்தக் கூடாது, ஃபைலோடு இருக்கும் கூடுதல் தகவல்களை அது உரித்துவிடும். 'சேவ் ஆஸ்' மூலம் தரம் 12-ல், புரொஃபைலைச் சேர்த்துச் சேமித்தால் அந்தத் தகவல்களே சில கே.பி. கூட்டிக் கொடுக்கும். கையெழுத்தை கறுப்பு வெள்ளையாக வெளுக்காமல், தாளின் இயல்பான நிறத்தோடு ஸ்கேன் செய்ததையே பயன்படுத்தினாலும் அளவு ஏறும். அமெரிக்க விசா படம் இன்னொரு கணக்கு: சதுரம், 600 முதல் 1200 பிக்சல், 240 கே.பி.க்குள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆக்‌ஷன், தனித்தனி கீ என்று வைத்துக்கொண்டால் கல்லாவில் நிற்பவரை உட்காரச் சொல்வதற்குள் வேலை முடியும்.

ஃபோட்டோஷாப் இல்லாத கடைகள்? கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் இப்படிப் பதியும் வசதி கிடையாது, ஸ்கிரிப்ட் எழுதத் தெரிய வேண்டும். அளவு மாற்றம், பெயர் மாற்றம், லோகோ, ஃபார்மேட் மாற்றம் ஆகியவற்றுக்கு இர்ஃபான்வியூவும் எக்ஸ்என்கன்வர்ட்டும் தாராளம். ஆனால் அவை சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம், கடைக்குக் கட்டணம் உண்டு. இமேஜ்மேஜிக் கடைக்கும் இலவசம். கட்டளை தட்டிப் பழக வேண்டும், அவ்வளவே. கே.பி. உச்சவரம்பு கொடுத்துச் சேமிக்கவும் அதில் வழி இருக்கிறது. அதன் 'மோக்ரிஃபை' கட்டளை அசல் படத்தின் மேலேயே எழுதும் குணம் கொண்டது. வெளியீட்டு ஃபோல்டரைத் தனியே குறிப்பிடாமல் அதைத் தொடாதீர்கள்.

முக ஒப்பனையை ஆக்‌ஷனில் சேர்ப்பதை நாங்கள் ஏற்கவில்லை. தோலை மழமழவென்று ஆக்கும் ஆக்‌ஷன்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடையாளத்துக்கான படத்தில் மருவும் தழும்பும் இருக்கத்தான் வேண்டும். பாஸ்போர்ட் படத்தில் இயல்பான தோல் நிறம் வேண்டும் என்பது சர்வதேச விதி. கல்யாண ஆல்பத்தில் 'ஆட்டோ லெவல்ஸ்' வைத்து ஓட்டுவதும் ஆபத்து: ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுவதால், அடுத்தடுத்த இரண்டு படங்களில் மணப்பெண் ஒன்றில் சிவப்பாகவும் மற்றதில் மாநிறமாகவும் வருவார். ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றை மட்டும் சேர்த்து, ஃபோட்டோஷாப்போடு வரும் கேமரா ராவில் ஒன்றைச் சரிசெய்து மற்றவற்றுக்கு 'சிங்க்ரனைஸ்' செய்வதே முறை. பின்னணி நீக்கும் 'செலக்ட் சப்ஜெக்ட்' படியும் ஆக்‌ஷனில் ஓடும், படத்துக்குப் படம் புதிதாகக் கணக்கிடும். வெள்ளைச் சுவர் முன் நிற்கும் வெள்ளைச் சீருடைப் பிள்ளையின் தோளை மட்டும் அது அடிக்கடி விழுங்கிவிடும். படம் எடுக்கும்போதே வெளிர் நீலத் துணி ஒன்றைப் பின்னால் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

செய்து முடித்த ஆக்‌ஷன்களைக் காப்பாற்றி வைக்கவும் வேண்டும். பிரிஃபரன்ஸை ரீசெட் செய்தாலோ மென்பொருளை மறுபடி நிறுவினாலோ அவை காணாமல் போகலாம். ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்தால் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' மங்கலாகவே இருக்கும், செட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ.டி.என். ஃபைலாகச் சேமித்து பென் டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திக்கொண்டு அதே மெனுவைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் படிகளும் டெக்ஸ்ட் ஃபைலாக வரும். அதை அச்செடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டால், புதிதாகச் சேரும் பையனுக்கு எந்த ஆக்‌ஷன் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அட்டை தப்பாக வந்தால் "அச்சடித்தவர் கவனிக்கவில்லை" என்கிறார்கள். ஒருவர் படம் இன்னொருவர் பெயரோடு சேர்வது பெரும்பாலும் அச்சில் நடப்பதில்லை. வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப்புக்குப் பெற்றோர் அனுப்பிய படங்கள் நாளும் வரிசை எண்ணும் போட்ட பெயர்களோடு ஒரே ஃபோல்டரில் கொட்டப்பட்டு, பட்டியல் தனியே ஒரு நோட்டுப் பக்கத்தின் ஃபோட்டோவாக வரும்போதே அது நடந்துவிடுகிறது. எந்தப் படம் எந்தப் பிள்ளை என்பது அந்த வகுப்பாசிரியருக்கு மட்டுமே தெரியும், எந்த மென்பொருளுக்கும் தெரியாது. பள்ளிக் கல்வித் துறை தலைமையாசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பட்டியல் எக்செல்லில், யூனிகோடில், எல்லாப் பத்திகளும் டெக்ஸ்ட் வடிவத்தில். பத்திகள் இந்த வரிசையில்: அட்மிஷன் எண், பெயர், வகுப்பு, பிரிவு, ரத்த வகை, பெற்றோர் பெயர், முகவரி, தொலைபேசி. படத்தின் ஃபைல் பெயர் அட்மிஷன் எண் மட்டும், இடைவெளியும் அடைப்புக்குறியும் இல்லாமல். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' ஆக. ஆதார் எண் அட்டைக்குத் தேவையில்லை, அதைப் பட்டியலில் சேர்த்துக் கடைகளுக்கு அனுப்ப வேண்டாம். இப்படி வந்தால் கிராப் படியில் ஆளுக்கு ஒரு என்டர் தவிர வேறு கைவேலை அநேகமாக இருக்காது. பிழை திருத்தம் கேட்டு ஆகஸ்ட் வரை அட்டைகள் திரும்பி வருவதும் குறையும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ, டி.டி.பி. வடிவமைப்பாளர்கள் சிலர்,
திண்டுக்கல்.